மெயில் ஆர்டர் கல்யாணக் கதைகள் (அந்தக் கால அமெரிக்காவுல விளம்பரம், கடிதம் மூலமாவே பேசி முடிச்ச கல்யாணங்களைப் பத்தின நாவல்கள்): இதுல உங்களுக்கு இன்னும் உறுத்துற ஒரு காட்சி?

கோதுமைக்காடு
கான்சாஸ், 1874. ரயிலடி. கையில பெட்டி, வேதாகமம், இடுப்புல குழந்தை. கடிதத்துல பேசி முடிச்ச ஆளைப் பார்த்ததுமே நாயகிக்குப் பிடிக்கலை. ஆனா "இவரைக் கட்டிக்கலைன்னா எனக்கு ஒரு அடி நிலம்கூட இல்லை"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிறா. எதுக்கு? குடியேறுறவங்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயசு முடிஞ்ச, கல்யாணமாகாத பெண் தன் பெயர்லயே 160 ஏக்கர் பதியலாம். கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர். அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்து, பயிர் வெச்சு, ரெண்டு சாட்சியோட நிரூபிச்சா பட்டா. புருஷனோட வாழ்றவளாலதான் தனியா பதிய முடியாது. அதாவது தாலி... சரி, மோதிரம் ஏறினா போற உரிமை அது. எவ்வளவு நல்ல முடிச்சு, கதாசிரியர் கோட்டை விட்டுட்டார்.

ஆரிகன்_மழை
ஹோம்ஸ்டெட்டை எல்லா ஊருக்கும் இழுக்காதீங்க. ஆரிகன்ல 1850 நிலச் சட்டம் நேர் எதிர், கட்டிக்கிட்டாத்தான் நிலம் கூடும். முன்னாடியே குடியேறின தனி ஆளுக்கு 320 ஏக்கர். 1851 டிசம்பர் 1-க்குள்ள கட்டிக்கிட்டா 640, அதுல பாதி மனைவி பெயர்ல. அந்த நிலத்துல ஏற்கெனவே இருந்த பழங்குடிகளை நாயகன் ஜெபத்துலகூட நினைக்க மாட்டான், அது வேற கதை. என் உறுத்தல்: ஆரிகன் நாயகன் 1851 கோடையில பொண்ணு தேடி பாஸ்டனுக்கு விளம்பரம் அனுப்புறான், நவம்பர்ல பொண்ணு வந்து இறங்குறா. பனாமா வழியா கடிதம் ஒரு பக்கம் போகவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும். பதில் திரும்பி வரணும், அப்புறம்தானே அவ கிளம்புவா? நிஜத்துல பக்கத்துப் பண்ணையில 13, 14 வயசுப் பிள்ளைகளைக் கட்டினாங்க. "சுத்தமான காதல்"னு அட்டையில போடுற கதை எதுவும் அந்தப் பக்கம் போகாது.

மூணு_சென்ட்
நான் படிச்ச கதையில வில்லன் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்தே நாயகி வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். எப்படி முடியும்? மேட்ரிமோனியல் நியூஸ்னு அந்தக் காலத்துக் கல்யாண விளம்பரப் பத்திரிகையில பெயரே வராது, எண் மட்டும்தான். பதில் எழுதுறவர் அந்த எண்ணைப் போட்டு ஆபீசுக்கு அனுப்பணும், அவங்க சேர்ப்பாங்க. அவ "கடைசிக் காசைக் கொடுத்து" விளம்பரம் போட்டதும் தப்பு. பெண்களுக்கு 40 சொல் வரை இலவசம், ஆணுக்குத்தான் 25 சென்ட்.

புல்தரை
1874 கல்யாண ஆராதனையில "கிரேட் இஸ் தை ஃபெய்த்ஃபுல்னஸ்"ங்கிற கிறிஸ்தவப் பாட்டைப் பாடுறாங்க. எழுதினதே 1923-ல.

அதை விடுங்க. இதையெல்லாம் தமிழ்ல எழுதப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நெப்ராஸ்கா, கான்சாஸ் சமவெளின்னா மரவீடு கட்டாதீங்க, அங்க மரம் ஏது? புல்வேரோட வெட்டின மண்கட்டியை அடுக்கிக் கட்டுற புல்மண் வீடுதான். 16-க்கு 20 அடி வீட்டுக்குச் சுமார் 3,000 மண்கட்டி. ஒரு அடி அகலம், ரெண்டு மூணு அடி நீளம், நாலு அங்குல கனம். அன்னன்னிக்கு அடுக்குற அளவுக்குத்தான் வெட்டணும், காய்ஞ்சா உதிர்ந்துடும். புல் பக்கம் கீழ பார்க்கணும். ரெண்டு மூணு கட்டி அகலத்துக்குச் சுவர், இடையிடையே ஒரு வரிசை குறுக்கால, அப்பதான் பிடிப்பு. ஜன்னல் சட்டத்துக்கு மேல இடைவெளி விட்டுத் துணி அடைக்கணும். சுவர் நாளாக நாளாக அமுங்கும், இடைவெளி இல்லைன்னா கண்ணாடி நொறுங்கிடும். மழை விட்ட பிறகும் கூரையிலிருந்து சேறு சொட்டும். அதனால உள்ளே மஸ்லின் துணி கட்டுவாங்க. மண்ணும் விழும், சில நேரம் பாம்பும். முதலிரவுக் காட்சியில ரோஜா இதழை விட அந்தத் துணிக்கு வேலை அதிகம். அடுப்புக்கு விறகு கிடையாது, காய்ஞ்ச மாட்டுச் சாணம். நம்ம வாசகருக்கு விளக்கவே வேண்டாம், வரட்டின்னா புரியும். நாயகியோட ஒரே நல்ல உடுப்புதான் கல்யாண உடுப்பு, அடர்ந்த நிறத்துல. வெள்ளை கவுன் வேண்டாம், துவைக்கத் தண்ணி எங்கே இருக்கு?

ஆரிகன்_மழை
கோதுமைக்காடு, ரயிலடிக்காரிக்கு 19 வயசுதான். முதல் அத்தியாயத்திலேயே இருக்கு. 21 ஆகாம எப்படிப் பதிவா?

கோதுமைக்காடு
விதவைங்க அவ. இடுப்புல குழந்தைன்னு எழுதினேனே. "குடும்பத் தலைவர் அல்லது 21 வயசு"ன்னுதான் சட்டம். தலைவின்னா வயசு பார்க்க மாட்டாங்க.