"பார்க்கிறவர்தான் நீங்க"ன்னா எப்படிப் பார்க்கிறது?

காங்கேயத்துக்காரன்:
எங்க யோகா மாஸ்டர் கடைசியில கண்ணை மூடச் சொல்லி, "வர்ற எண்ணத்தைச் சும்மா பாருங்க, பார்க்கிறவர்தான் நிஜமான நீங்க" என்கிறார். எனக்கோ "நான் பார்த்துட்டு இருக்கேன்"னு உள்ளே ஒரு குரல் ஓடிக்கிட்டே இருக்கு. அதுவும் எண்ணம்தானே? சில நாள் ஒண்ணுமே தெரியாம வெறுமையா இருக்கு. குறட்டை விட்டேன்னு பக்கத்துல இருக்கிறவர் சொல்றார். இதுல எது நான்?

சும்மா_இரு:
குறட்டைதான் சார். நடிப்பு இல்லாத நேரம் அது ஒண்ணுதான்.

தையல்கடை அக்கா:
யோக சூத்திரம் எழுதின பதஞ்சலி ஒத்துக்க மாட்டாரு தம்பி. சித்த விருத்தி, அதாவது மனசோட அசைவுகள், அஞ்சுன்னு சொன்னவர், அதுல தூக்கத்தையும் சேர்த்துட்டார். அந்தக் குரலுக்கும் பேர் இருக்கு, அஸ்மிதை. பார்க்கிறவனையும் பார்க்க உதவுற புத்தியையும் ஒண்ணாக் குழப்பிக்கிறது. மனசை வாட்டுற கிலேசங்கள்ல, அவித்யைங்கிற அறியாமைக்கு அடுத்த இடம் அதுக்குத்தான். அதனால பார்க்கிறவரைப் பிடிக்கப் போகாதீங்க, பிடிபட்டா அது பார்க்கப்படுற பொருள்தான்.

எனக்கு இது மெஷின்லதான் புரிஞ்சுது. தீபாவளி நெருக்கத்துல ஒரு அம்மா, ஜாக்கெட் கழுத்து இறக்கம் சரியில்லைன்னு கத்திட்டுப் போனாங்க. தையலைப் பிரிச்சுக்கிட்டே மனசுக்குள்ள பதிலுக்குச் சண்டை போட்டுட்டு இருந்தேன். அப்படியே கோபமாவே ஆயிடுறதைத்தான் பதஞ்சலியோட நாலாவது சூத்திரம் சொல்லுது. நடுவுல ஒரு கணம், விரல் நூலை இழுக்கிறது, பல்லைக் கடிச்சிருக்கிறது, உள்ளே ஓடுற வாக்குவாதம் எல்லாம் தெரிஞ்சுது. "நான் பார்க்கிறேன்"னு யாரும் அறிவிக்கல. உடனே "அட, சாட்சியா இருக்கோமே"ன்னு பெருமை வந்து கெடுத்துச்சு, அது வேற கதை.

அருணைவாசி:
இவ்வளவு எதுக்கு? சிவப்பிரகாசம் பிள்ளைங்கிற பக்தர் கேட்டதுக்கு ரமணர் எழுதிக் காட்டின 'நான் யார்?' புத்தகம் போதும். மூச்சை அடக்கினா மனசு அடங்கும், ஆனா அழியாதுன்னு அதுலயே இருக்கு. அந்தக் குரல் யாருக்குக் கேட்குதுன்னு விசாரிங்க.

தையல்கடை அக்கா:
வாஸ்தவம். ஆனா பதஞ்சலி கணக்குல புருஷன், அதாவது அந்தப் பார்க்கிறவர், ஆளுக்கு ஒருத்தர். ரமணர் சொல்றது ஒரே ஆன்மா. ரெண்டையும் வகுப்புல கலந்து ஊத்திடுறாங்க. எதைச் சொல்லித் தர்றார்னு மாஸ்டரையே கேளுங்க. குறட்டைக்கு, சுவத்துல சாயாம உட்காருங்க. சாப்பிட்ட கையோட வகுப்புக்குப் போகாதீங்க.

காங்கேயத்துக்காரன்:
போற வழியில பஜ்ஜிக் கடை இருக்கேக்கா.