டிகிரீசர்: பிசுக்குநீக்கியா, மசகுநீக்கியா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தொழிற்பயிற்சிக் கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். எஞ்சினைப் பிரித்த பிறகு உலோகப் பாகங்களை எதைக் கொண்டு கழுவுவது என்ற பாடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். கிளீனர், டிகிரீசர், சால்வென்ட், டீகார்பனைசர், ரஸ்ட் ரிமூவர் என்று மூலத்தில் ஐந்து சொற்கள், ஐந்தும் வெவ்வேறு பொருளில் வருகின்றன. எனக்கு முன்னால் இதைத் தொட்டவர் ஐந்துக்கும் 'துப்புரவுத் திரவம்' என்றே போட்டுவிட்டார். அதனால் 'அலுமினியப் பாகங்களைத் துப்புரவுத் திரவத்தில் ஊறவைக்கவும்' என்று ஒரு வரி, 'அலுமினியப் பாகங்களைத் துப்புரவுத் திரவத்தில் ஒருபோதும் ஊறவைக்காதீர்' என்று அடுத்த வரி. சால்வென்ட்டுக்குக் கரைப்பான் பாடநூலிலேயே உண்டு. துருநீக்கியில் சிக்கலில்லை. எண்ணெயையும் கிரீஸையும் கழுவி எடுக்கும் டிகிரீசர்தான் இழுக்கிறது. 'கொழுப்பகற்றி' சரியாக வருமா?

வேதியியல் ஆசிரியை:

கொழுப்பகற்றி வேண்டாம் தம்பி. எஞ்சினில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் கனிம எண்ணெய். வேதியியலில் கொழுப்பு என்பது வேறு பொருள். கொழுப்பைக் காரத்தோடு சூடாக்கினால் சோப்பாக மாறும், கனிம எண்ணெய் மாறாது. கார டிகிரீசர் அதைச் சிறு துளிகளாக உடைத்து நீரில் மிதக்கவிடுகிறது, அவ்வளவுதான். மாணவர்களிடம் கொழுப்பு என்று சொன்னால் இந்த வேறுபாடே அழிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. நாம் கிரீஸ் என்று சொல்வதில் பெரும்பகுதி, எண்ணெயை லித்தியம் சோப்பால் கெட்டியாக்கியது. கழுவுவதற்கும் சோப்பு, கழுவப்படுவதிலும் சோப்பு.

இலக்கண ஆசிரியர்:

சோப்பு என்று அம்மா எழுதியதால் சொல்கிறேன். சவர்க்காரம் என்ற சொல் ஈழத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சவர் என்றால் உவர்ப்பு. சவர், உவர், களர் மூன்றும் ஒரே மண்ணின் பெயர்கள். 'களர்ப்படு கூவல் தோண்டி நாளும் புலைத்தி கழீஇய தூவெள் அறுவை' என்று புறநானூற்றின் 311ஆம் பாட்டு சொல்கிறது. களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் வெளுத்த துணி! கார நீர் அழுக்கெடுக்கும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். ஆகவே கார வகைக் கிளீனருக்குக் 'களர்க்கழுவி' என்று முன்மொழிகிறேன். காரம் என்பதே வடமொழி க்ஷாரம் என்பாரும் உளர். களர் என்றால் அந்த ஐயமும் இல்லை.

பட்டறைக்காரர்:

ஐயா, களர்க்கழுவி என்று புட்டியில் எழுதி ஒட்டினால் உரக்கடைக்குப் போக வேண்டியது என்று பையன்கள் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். காரம் என்று எழுதினால் பள்ளியில் படித்தது நினைவுக்கு வரும், கையுறையைத் தேடுவார்கள். சொல்லின் வேர் எங்கே போகிறது என்பதைவிடக் கை எங்கே போகிறது என்பது எனக்கு முக்கியம்.

நடந்ததைச் சொல்கிறேன். வார்ப்பிரும்பு எஞ்சின் உடலைக் கழுவக் காஸ்டிக் சோடா என்ற கடுங்காரத்தின் கரைசல் வைத்திருந்தோம். இரும்புக்கு அதனால் கேடில்லை. புதிதாக வந்த பையன் பிஸ்டன்களையும் அதிலேயே போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். பிஸ்டன் அலுமினியம். திரும்பி வந்து பார்த்தால் தொட்டி கொதிப்பதுபோல் நுரைத்துக்கொண்டிருக்கிறது. வெளியேறியது ஹைட்ரஜன், பக்கத்தில் ஒரு தீப்பொறி போதும். பிஸ்டன்கள் கறுத்து, மேற்பரப்பு அரித்து, பழைய இரும்புக்கடைக்குப் போயின. அவன்மேல் குற்றமில்லை. தொட்டியில் 'கிளீனர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

மொழிபெயர்ப்பாளர்:

எனக்கு வேண்டியது இதுதான். அப்படியானால் எதை நீக்குகிறது என்பதை வைத்துப் பெயரிடுவதா, எதைக் கொண்டு செய்யப்பட்டது என்பதை வைத்தா?

பட்டறைக்காரர்:

இரண்டும் வேண்டும். பிசுக்கு, கரி, துரு மூன்றும் மூன்று வேறு வியாதிகள். பிசுக்குக்கு மண்ணெண்ணெய் போதும். வெந்து இறுகிய கரியிடம் அது செல்லாது. துருவுக்கு அமிலம். ஆனால் அமிலத்திலும் வித்தியாசம் உண்டு. உயர்வலிமை எஃகில் செய்த போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கினால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கும்படி செய்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், சுமை ஏறியதும் படாரென்று முறியும்.

பெட்ரோலில் கழுவும் பழக்கத்தை அந்தக் கையேடு கண்டிக்கிறதா? இல்லையென்றால் நீங்களே ஒரு வரி சேருங்கள். சுழியத்துக்குக் கீழே 40 பாகையிலும் அதன் ஆவி தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் போக வேண்டும்.

இலக்கண ஆசிரியர்:

பிசுக்கு நல்ல சொல். பிசு என்ற அடியிலிருந்து பிசுபிசுப்பு, பிசின், பிசினாறி எல்லாம் கிளைக்கின்றன. காசில் ஒட்டிக்கொண்டவன் பிசினாறி, உலோகத்தில் ஒட்டிக்கொண்டது பிசுக்கு. ஆனால் 'பிசுக்கு' உடன் 'அகற்றி' சேராது. உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும், பிசுக்ககற்றி என்றாகும். சொல்லிப் பாருங்கள், நாக்கு பிசுக்கிக்கொள்ளும். போக்கி என்றால் பிசுக்குப்போக்கி, இடையில் ப் மிகும். நீக்கிதான் தடையில்லாமல் சேர்கிறது. மண்வெட்டி, பாக்குவெட்டி போல நல்ல கருவிப் பெயர்.

இந்த வாய்ப்பில் கரைப்பானைப் பற்றியும் என் பழைய முறையீட்டைப் பதிகிறேன். வான், பான், பாக்கு மூன்றையும் நன்னூலார் வினையெச்ச விகுதியாகச் சொல்கிறார். 'கரைப்பான் வந்தான்' என்றால் கரைப்பதற்காக வந்தான் என்று பொருள். எச்சத்தைப் பெயராக்கி நிறுத்தியிருக்கிறோம். கரைப்பி என்றிருந்திருக்கலாம்.

வேதியியல் ஆசிரியை:

ஐயா, கரைப்பான் மூன்று தலைமுறைப் பாடநூல்களில் ஏறிவிட்டது. இனி இறக்க முடியாது. வினையாலணையும் பெயர் என்று வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். இதைவிடப் பெரிய கவலை வேறு. கரைப்பான் என்ற ஒரே சொல்லுக்குள் மண்ணெண்ணெயும் குளோரின் சேர்ந்தவையும் சேர்ந்தே கிடக்கின்றன. டிரைகுளோரோஎத்திலீனை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. குளோரின் சேர்ந்த கரைப்பானால் துடைத்த பாகம் உலருமுன் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். 'குளோரினேற்றக் கரைப்பான்' என்று முழுப் பெயரையும் எழுதுங்கள். நீளம்தான், இருக்கட்டும்.

ஒரு முன்னாள் அகராதிப் பணியாளர்:

எல்லோரும் பிசுக்கின் பக்கம் சாய்வதால் எதிர்வாக்கைச் சொல்லிவிடுகிறேன். கிரீஸுக்கு நம்மிடம் மசகு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. வண்டி அச்சுக்குப் பூசிய மை மசகுதானே? லூப்ரிகன்ட்டுக்கு மசகெண்ணெய் என்று பாடநூலிலும் எழுதுகிறோம். அப்படியிருக்க டிகிரீசர் மசகுநீக்கிதான். ஒரே பொருளுக்குப் பூசும்போது ஒரு பெயர், துடைக்கும்போது ஒரு பெயரா?

பட்டறைக்காரர்:

ஆமாம் ஐயா, இரண்டு பெயர்தான். பூசுவது மசகு. தூசியும் கரியும் உலோகப் பொடியும் கலந்து கெட்டுப்போனால் அது பிசுக்கு. வேண்டியதற்கும் வேண்டாததற்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும்?

முன்னாள் அகராதிப் பணியாளர்:

அந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியும். புட்டிக்குள் இருக்கும் திரவத்துக்குத் தெரியுமா? மூடிய பேரிங்கை அதில் முக்கினால் உள்ளே அடைத்திருக்கும் நல்ல கிரீஸையும் சேர்த்தே கரைக்கிறது. பிசுக்குநீக்கி என்று பெயர் வைத்தால், கெட்டதை மட்டும் எடுத்து நல்லதை விட்டுவைக்கும் என்று பையன் நம்புவான். மசகுநீக்கி என்றால் பெயரே எச்சரிக்கை. கை எங்கே போகிறது என்பது முக்கியம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.

பட்டறைக்காரர்:

நல்ல அடி. பதில் யோசிக்க வேண்டும்.

யோசித்தேன். பேரிங்கை முக்காதே என்பதைப் பெயரில் சொல்ல முடியாது, பாடத்தில்தான் சொல்ல முடியும். அப்படிப் பார்த்தால் கசிவை அடைக்கும் ரப்பர் சீல்களை அது உப்பவைக்கும் என்பதையும் பெயரில் ஏற்றச் சொல்வீர்கள்.

இலக்கண ஆசிரியர்:

'புறந்தூய்மை நீரான் அமையும்' என்றார் வள்ளுவர். அவர் எஞ்சினைப் பார்த்ததில்லை.

வேதியியல் ஆசிரியை:

வள்ளுவர் சொன்னது முழுக்கப் பொய்யாகவில்லை ஐயா. தீப்பற்றாது என்பதற்காக நீர்க் கரைசல்களுக்கு இப்போது நல்ல மதிப்பு இருக்கிறது. அலுமினியத்துக்கென்று சிலிக்கேட் சேர்த்த மிதமான காரக் கரைசல்கள் கிடைக்கின்றன. சிலிக்கேட் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து அரிப்பைத் தடுக்கிறது. ஒரே தொல்லை, கழுவி எடுத்த இரும்புப் பாகத்தை உடனே உலர்த்தி எண்ணெய் தடவாவிட்டால் கண்ணெதிரே துருவின் செம்மை ஏறும்.

மொழிபெயர்ப்பாளர்:

இன்று வியாழன் இரவு. எண்ணிப் பார்த்ததில் பிசுக்குநீக்கிக்கு ஐந்து பேர், மசகுநீக்கிக்கு இரண்டு பேர், களர்க்கழுவிக்கு அதை முன்மொழிந்தவர் மட்டும். டீகார்பனைசருக்குக் கரிநீக்கி என்பதில் யாரும் சண்டையிடவில்லை, நன்றி. கிளீனர் பொதுப்பெயராக வருமிடத்தில் கழுவி என்றும், வகை சொல்லுமிடத்தில் காரக் கழுவி, அமிலக் கழுவி என்றும் எழுதுகிறேன். பிசுக்குநீக்கி முதலில் வரும் பக்கத்தில் 'இது நல்ல மசகையும் சேர்த்தே நீக்கும்' என்று கட்டம் கட்டிப் போடுகிறேன். பட்டறைச் சுவரொட்டியில் மட்டும் டிகிரீசர் என்ற சொல்லும் கூடவே இருக்கும். கடையில் அப்படித்தானே கேட்கப் போகிறார்கள்.

முன்னாள் அகராதிப் பணியாளர்:

கட்டம் கட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் சொல் போதவில்லை என்றுதான் பொருள். என் வாக்கு மசகுநீக்கிக்கே. பதிவில் இருக்கட்டும்.

இலக்கண ஆசிரியர்:

சுவரொட்டியில் 'காரக் கழுவி' என்று எழுதும்போது க் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சில் அடிக்கடி தின்றுவிடுகிறார்கள்.