புது 8 ஜிபி ராம் போட்டால் திரை கருப்பு, எடுத்தால் லேப்டாப் நன்றாக ஓடுகிறது

பிழைதிருத்தி:
வணக்கம். என் லேப்டாப்பில் இருப்பது ஐ5-5200யு பிராசசர், 4 ஜிபி ராம். ராம் ஸ்லாட் இரண்டு, அதில் ஒன்று காலி. மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு. பெரிய பிடிஎஃப் ஒன்று, அகராதி, பிரவுசர் மூன்றையும் சேர்த்துத் திறந்தால் போதும், படுத்துவிடுகிறது. அதனால் டிடிஆர்3 வகை 8 ஜிபி ராம் ஒன்று வாங்கிப் போட்டேன்.

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு கண் சிமிட்டுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. புதியதை மட்டும் போட்டாலும் இதே கதைதான், எந்த ஸ்லாட்டாக இருந்தாலும். பழையதை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஓடுகிறது. ரப்பரால் தேய்த்தும் பார்த்துவிட்டேன். வாங்கிய இடத்தில் சோதித்துவிட்டு "ராம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

ஒற்றைத்திருகு:
மதர்போர்டு ஸ்லாட் போயிருக்கும். இல்லையென்றால் பயாஸ் (லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும் நிரல்) அப்டேட் செய்து பாருங்கள்.

பழையஇரும்பு:
ஸ்லாட் போயிருந்தால் பழைய ராம் இரண்டிலும் எப்படி ஓடும்? பயாஸ் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் இருப்பதும் போய்விடும்.

இரண்டு ராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டிக்கரை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லுங்கள். மெய்ப்புப் பார்க்கிறவருக்கு இது பெரிய வேலையா என்ன!

பிழைதிருத்தி:
பழையதில் "பிசி3எல்-12800எஸ்". புதியதில் "பிசி3-12800எஸ்".
அட, ஓர் "எல்" விட்டுப்போயிருக்கிறது. அதுதானா?

பழையஇரும்பு:
அதேதான். சாதாரண டிடிஆர்3 கேட்பது 1.5 வோல்ட். எல் போட்டது 1.35 வோல்ட்டிலேயே ஓடும். உங்கள் பிராசசர் ஏற்பது குறைந்த மின்னழுத்த வகையை மட்டும்தான். புது ராம் பழுதில்லை, 1.5 வோல்ட் கிடைக்கிற கணினியில் நன்றாகவே ஓடும். கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை.

சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் 204 பின், நடுவில் இருக்கும் வெட்டும் ஒரே இடத்தில். கச்சிதமாக உட்கார்ந்துவிடும். இதுவே டிடிஆர்4 ஆக இருந்தால் 260 பின், உள்ளேயே நுழையாது, தவறும் அங்கேயே தெரிந்திருக்கும். 12800 என்பது வேகக் கணக்கு: நொடிக்கு 1600 மில்லியன் தடவை, ஒவ்வொரு தடவையும் 8 பைட். அது இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது.

எல் போட்டதாக மாற்றி வாங்குங்கள். உங்கள் பிராசசர் 16 ஜிபி வரை தாங்கும், 8 ஜிபி ராம் தாராளமாகப் போடலாம்.

பிழைதிருத்தி:
மாற்றி வாங்கிவிட்டேன். முதல் தடவை மறுபடியும் கருப்புத் திரை, வயிற்றைக் கலக்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால், பொன்நிறப் பற்களில் ஒரு கோடு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. சாய்வாக வைத்து, பற்கள் மறையும்வரை உள்ளே தள்ளி, அப்புறம் கீழே அழுத்தினேன். இரண்டு பக்கக் கொக்கியும் "டிக்" என்றன. படம் வந்துவிட்டது!

ஆனால் இன்னொரு வம்பு. விண்டோஸில் "12.0 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 3.89 ஜிபி" என்று காட்டுகிறது. மீதி 8 எங்கே போனது? முன்பும் 3.89 என்றுதான் காட்டும். கிராபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒற்றைத்திருகு:
ஸ்லாட் என்று முதலில் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். இது எனக்குத் தெரியும், நானே மாட்டியிருக்கிறேன். அதே பக்கத்தில் "சிஸ்டம் டைப்" என்ன போட்டிருக்கிறது?

பிழைதிருத்தி:
32-பிட். பிராசசர் மட்டும் 64-பிட் என்கிறது. முன்பு ஒருவர் விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்தார், அவர் செய்த வேலையாக இருக்கும்.

ஒற்றைத்திருகு:
அப்படியானால் ராம் மேல் குற்றமில்லை. 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் தொடாது, எத்தனை ஜிபி ராம் போட்டாலும் இதையேதான் காட்டும். 64-பிட் விண்டோஸ் போடுங்கள். மேலேயே அப்டேட் செய்ய முடியாது, அழித்துத்தான் போட வேண்டும். கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, அங்கே திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருக்களையும் மறக்காதீர்கள், உங்கள் தொழிலுக்கு அதுதான் முக்கியம்.

பிழைதிருத்தி:
போட்டாயிற்று. இப்போது பயன்படுத்தக்கூடியது 11.9. ராத்திரி மெம்டெஸ்ட் (ராமைச் சோதிக்கும் நிரல்) ஓடவிட்டேன், பிழை ஒன்றும் இல்லை. கடைசியாக ஒன்று: 4-ம் 8-மாக இருப்பது பரவாயில்லையா? பழையதை எடுத்துவிடட்டுமா?

பழையஇரும்பு:
இருக்கட்டும். இரண்டிலிருந்தும் 4, 4 ஜிபி ஜோடியாக ஓடும், மிச்ச 4 தனியாக ஓடும். ஜோடியில்லாத அந்த 4-ஆல் மெய்ப்பு வேலைக்கு ஒரு குறையும் தெரியாது. எடுத்தால்தான் நட்டம்.