பானை ஓட்டின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?

கேள்வி:
கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் வெளியான அறிக்கையில் படித்தேன். கரி ஒருகாலத்தில் உயிருள்ள மரம் என்பதால் அது புரிகிறது. சுட்ட மண்ணுக்கு வயது சொல்வது எவ்வாறு?

மறுமொழி 1:
பெரும்பாலும் ஓட்டினை நேரடியாக அளப்பதில்லை. அதே மண்ணடுக்கில் கிடக்கும் கரியையோ தானியத்தையோ அளந்து, அந்தக் காலத்தையே ஓட்டுக்கும் கொள்கிறார்கள். உயிர் பிரிந்த பொருளில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரிமம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும்; எஞ்சியதன் அளவிலிருந்து காலத்தைக் கணிக்கிறார்கள். முன்பு இதற்குக் கிராம் கணக்கில் கரி தேவைப்பட்டது. கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி நிறைமாலைமானி (AMS) என்ற கருவி வந்தபின் ஓரிரு நெல்மணிகளே போதும். பழனி அருகேயுள்ள பொருந்தலில், பழங்காலப் புதைகுழியான ஈமச்சின்னத்தின் ஜாடியில் இருந்த நெல்லுக்கு அப்படித்தான் கி.மு. 490 என்ற காலம் கிடைத்தது.

மறுமொழி 2:
ஓட்டினையே அளக்கவும் வழியுண்டு. களிமண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் படிகத் துகள்கள், அக்களிமண்ணிலும் சுற்றுமண்ணிலும் இருந்து வரும் கதிரியக்க ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேமிக்கின்றன. சூளையின் வெப்பத்தில் அச்சேமிப்பு அழிந்து, கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. ஆய்வகத்தில் அதை மீண்டும் சூடாக்கும்போது வெளிப்படும் மங்கிய ஒளியின் அளவுதான் வயதைச் சொல்கிறது. வெயில் பட்டால் சேமிப்பு கசிந்துவிடும் என்பதால், மாதிரியை வெளிச்சம் படாமல் பொதிந்தே அனுப்புவார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால், பழைய வீட்டு உத்தரத்தை நூறாண்டு கழித்து அடுப்பில் எரித்திருந்தால் கரியின் காலம் தவறாகாதா?

மறுமொழி 1:
ஆகும். மரம் வளர்ந்த காலத்தைத்தான் கரி காட்டும், எரிந்த காலத்தை அன்று. ஓராண்டுப் பயிரான நெல்லை ஆய்வாளர்கள் விரும்புவது அதனால்தான்.