டெமோவில் எங்கே பார்ப்பது?

எங்கள் திருச்சி ஓவிய நண்பர்கள் கூட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். ஒரு பள்ளி வகுப்பறை, நாலு பெஞ்சு, டீ. வெளியூரிலிருந்து யாராவது ஓவியரை அழைத்து வந்து செய்து காட்டச் சொல்வோம். பல டெமோக்கள் பார்த்ததில் எனக்குத் தேறிய ஒரே விஷயம்: படத்தைப் பார்க்காதீர்கள், வண்ணம் கலக்கும் தட்டை, அதாவது பாலட்டைப் பாருங்கள்.

சென்ற ஐப்பசியில் வந்தவர் வாட்டர்கலர்காரர். தெப்பக்குளக் கரையில் நின்று எடுத்த மலைக்கோட்டை போட்டோ ஒன்றைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, கெட்டியான 300 ஜிஎஸ்எம் காட்டன் தாளைப் பலகையில் டேப் போட்டு ஒட்டினார். பலகைக்கு அடியில் அந்த டேப் உருளையையே செருகிக் கொஞ்சம் சாய்வு கொடுத்தார். கோட்டை எப்போது வரும் என்று எல்லோரும் காத்திருக்க, மனிதர் வானத்தையும் குளத்துத் தண்ணீரையும் விட்டு நகரவே இல்லை. தாளை நனைப்பார். தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் தாளில் எப்படி விழுகிறது என்று பக்கவாட்டில் பார்ப்பார். பளபளப்பு இருக்கும்வரை வண்ணம் இஷ்டத்துக்கு ஓடும். பளபளப்பு மங்கி ஈரம் மட்டும் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மேகத்தின் விளிம்பு மெத்தென்று அமையும். அதற்கப்புறம் தண்ணீர் அதிகமான பிரஷை வைத்தால் ‘காலிஃபிளவர்’ பூத்துவிடும், அதாவது பூப்போல ஓரம் சுருண்ட கறை விழுந்துவிடும். அன்றைக்கு மழைக் காற்று வேறு, தாள் காய்வேனா என்றது. ஹேர் டிரையர் கொண்டு வந்திருந்தார்; ஆனால் பளபளப்பு போகும்வரை அதைத் தொடவில்லை. முன்னாலேயே ஊதினால் காற்று வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடுமாம்.

இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் பிடிபடாதது அவர் இடது கை. அதில் ஒரு பழைய பனியன் துணி. பாலட்டில் வண்ணம் எடுத்த பிரஷ் நேரே தாளுக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு முறையும் துணியை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போனது. வண்ணம் எவ்வளவு நீர்த்தது, எவ்வளவு கெட்டி என்பதற்கு டீ, பால், வெண்ணெய் என்று வாட்டர்கலர்காரர்கள் சொல்லும் பதக் கணக்கு அந்தத் துணியில்தான் முடிவாகிறது. பாறைக்குக் கறுப்பைத் தொடவே இல்லை. பாலட்டில் அல்ட்ராமரின் நீலம் ஒரு குட்டை, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒரு குட்டை, இரண்டும் ஓரத்தில் மட்டும் முட்டிக்கொண்டிருந்தன. முழுசாகக் கலக்காமல் இரண்டு பக்கமும் மாறி மாறித் தொட்டு வைத்தார். நிழல் பக்கம் நீலமாகவும் வெயில் பக்கம் பழுப்பாகவும் சாம்பல் தானே பிரிந்தது. வைக்கும்போது ‘ஐயோ, இவ்வளவு அடர்த்தியா’ என்று இருக்கும். காய்ந்தால் ஒரு படி வெளிறிவிடும் என்று அவருக்குத் தெரியும். பின் பெஞ்சில் இருந்தவர்கள் கோட்டையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

சார், எங்களுக்குத் தஞ்சாவூர். எங்கள் ஊர் ஓவியத்துக்கு உங்கள் பாலட் விதி செல்லாது! இங்கே பார்க்க வேண்டியது விரலை.

ஒரே உட்காரலில் முடிகிற வேலை இல்லை என்பதால், டெமோவுக்கு வந்த அண்ணன் வெவ்வேறு கட்டத்தில் இருந்த பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் பலா மரம், இப்போது பிளைவுட். மேலே துணி ஒட்டி, சாக் பவுடரும் பசையும் கலந்து பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய பலகை. அதில் கோடு போட்டது ஒன்று, கல் பதித்து, மக்கு என்ற புடைப்புப் பசை வைத்தது ஒன்று. மக்கு பதமாகிவிட்டதா என்று பார்க்க, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். தளர்ந்திருந்தால் பிரஷில் எடுத்து வைக்கும் புடைப்பு நிற்காமல் பரவிவிடும். இறுகியிருந்தால் காய்ந்தபின் வெடிக்கும்.

தங்க ஃபாயில் வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை “ஃபேனை நிறுத்துங்க”. சித்திரை மாச மத்தியானம்! கத்தரிக்கோலால் நறுக்கி, பசை தடவிய மக்கின் மேல் வைத்து, கல்லைச் சுற்றிப் பஞ்சால் ஒத்தி ஒத்தி அழுத்தினார். எங்களுக்கெல்லாம் வியர்வை ஆறாக ஓடியது. அவர் சட்டையும் தொப்பலாகத்தான் நனைந்திருந்தது, கை மட்டும் உலர்ந்தே இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டு. இரண்டு அழுத்தலுக்கு ஒருமுறை விரலைத் துடைத்துக்கொண்டார். ஈரக் கை பட்டால் தகடு விரலோடு வந்துவிடும்.

2007-08லேயே புவிசார் குறியீடு வாங்கிய கலை. ஆனாலும் கூட்டத்தில் வந்த முதல் கேள்வி “இதை எவ்வளவுக்கு விக்கலாம்?” சரி, நம்ம ஆட்கள்தானே. விலை குறைந்த போலித் தகடு நாளாக நாளாகக் கறுக்கும், வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள் என்று அண்ணன் பொறுமையாகவே பதில் சொன்னார்.

*

சென்னையில் நான் பார்த்தது பாட்டிக், துணியில் மெழுகால் வரைந்து சாயமேற்றும் வேலை. சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய காலத்தில், ஓவியம் விற்காதபோது அங்கிருந்த கலைஞர்களுக்குச் சோறு போட்ட வேலைகளில் இதுவும் ஒன்று. அதனால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை.

செய்து காட்டிய அக்கா உருக்கிய மெழுகை ஒரு கோடு இழுத்தவுடனே துணியைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். பின்னாலும் கோடு ஈரமாகத் தெரிந்தால் மெழுகு உள்ளே இறங்கிவிட்டது. முன்பக்கம் மட்டும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தால் சூடு போதவில்லை, சாயம் அடியில் புகுந்துவிடும். பாரஃபின் மெழுகு அதிகமிருந்தால் கசக்கும்போது விரிசல் விழும், அந்த நரம்பு நரம்பான கோடுகள் அதனால் வருபவை. தேன்மெழுகு சேர்த்தால் வளைந்துகொடுக்கும். ஆகவே இங்கே பார்க்க வேண்டியது துணியின் முதுகு.

*

கரிக்கோல் போர்ட்ரெய்ட் டெமோ என்றால் ஓவியரின் கண்ணைப் பாருங்கள். எங்களுக்குச் செய்து காட்டியவர் தாளைப் பார்த்ததைவிட எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததுதான் அதிகம், அதுவும் கண்ணை இடுக்கிக்கொண்டு. அப்படிப் பார்த்தால் இமையும் மயிரும் மறைந்து வெளிச்சம், நிழல் என்று இரண்டு திட்டுகள்தான் மிஞ்சும். மூக்கு, வாய் எல்லாம் கடைசியில் வந்தன. உட்கார்ந்தவர் பாவம், டீ குடிக்கக்கூட அசையவில்லை.

*

நல்லா இருக்கே! விரல், துணியின் முதுகு, கண்ணு... என் பாலட் விதியை வாட்டர்கலருக்கு மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சேர்த்துவிடுகிறேன்: ஓவியர் வலக்கைக்காரர் என்றால் அவருக்கு இடது பக்கம் இடம் பிடியுங்கள். வலது பக்கம் உட்கார்ந்தால் முழங்கைதான் தெரியும். இடக்கைக்காரர் என்றால் நேர்மாறு, வந்தவுடனே கேட்டுவிடுங்கள்.