டைரக்டரும் மியூசிக் டைரக்டரும் எத்தனை படம் சேர்ந்து போக முடியும்?

ரஃப்கட்:

வணக்கம். நானும் என் நண்பனும் சேர்ந்து மூன்று குறும்படங்கள் முடித்திருக்கிறோம். இயக்கம் நான், இசை அவன். கல்லூரி விடுதியில் ஒரே அறை. முதல் படத்துக்கு ஒரு பழைய கீபோர்டை வைத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தான்.

இப்போது நான்காவது படம், 22 நிமிடம். எடிட் பண்ணும்போது வேகம் பிடிபடட்டும் என்று, எனக்குப் பிடித்த சில சினிமாக்களின் பின்னணி இசையை வெட்டி எடுத்துக் காட்சிகளுக்கு அடியில் போட்டு வைத்தேன். அதைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாத்தையும் நீயே போட்டுட்ட. அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனவன், பத்து நாளாகப் போனை எடுக்கவில்லை.

நீண்ட காலம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் இதையெல்லாம் எப்படித்தான் தாண்டினார்கள்? பாரதிராஜா, மணிரத்னம் இருவருமே ஒரு கட்டத்தில் இளையராஜாவை விட்டு நகர்ந்தார்கள். பாலு மகேந்திரா மட்டும் ஏன் போகவில்லை? சண்டை, கிசுகிசு வேண்டாம். அந்தக் கதைகள் எல்லாருக்கும் தெரியும். வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எடிட் டேபிள்:

உங்கள் நண்பர் பக்கம்தான் நான். நீங்கள் போட்டு வைத்ததற்கு டெம்ப் டிராக் என்று பெயர். எடிட்டர்கள் எல்லாருமே செய்வோம், நானும் செய்கிறேன். ஆபத்து என்னவென்றால், இரண்டு வாரம் அதையே கேட்டால் காது பழகிவிடும். பிறகு யார் எதைப் போட்டுக் கொடுத்தாலும் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும்.

பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. டைரக்டர் குப்ரிக்கும் இசையமைப்பாளர் அலெக்ஸ் நார்த்தும் 1960-இல் 'ஸ்பார்டகஸ்' படத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அந்தப் பழக்கத்தில் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கும் நார்த்தையே கூப்பிட்டார் குப்ரிக். அவரும் எழுதி, வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவும் செய்துவிட்டார். ஆனால் குப்ரிக் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த ஸ்ட்ராஸ், லிகெட்டி இசையை விட மனசில்லாமல் அதையே படத்தில் வைத்துவிட்டார். தன் இசை படத்தில் இல்லை என்பது நார்த்துக்குப் படத்தைப் பார்க்கும்போதுதான் தெரிந்ததாம்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு: படத்துக்கு முன்னால் இசை. டைரக்டர் செர்ஜியோ லியோனியும் இசையமைப்பாளர் என்னியோ மோரிகோனியும் ரோமில் சின்ன வயதில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்துக்கு முக்கியமான இசையை முதலிலேயே பதிவு செய்து, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டுத்தான் நடிகர்களை நடக்க வைத்தார் லியோனி. ஜப்பானில் அனிமேஷன் டைரக்டர் மியாசாகி, இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷி ஜோடி 1984-இல் 'நௌசிகா'வில் ஆரம்பித்து 2023 வரை வந்திருக்கிறது. அவர்கள் பல படங்களுக்கு, படம் தயாராகும் முன்பே 'இமேஜ் ஆல்பம்' என்று ஒன்றைப் போட்டுவிடுவார்கள். மியாசாகியிடமிருந்து சில குறிப்புகள் வரும், ஹிசாய்ஷி அதை வைத்தே இசை எழுதிவிடுவார். கைவசம் சொந்த இசை இருக்கும்போது டைரக்டர் எதற்கு அடுத்த வீட்டில் கடன் வாங்கப் போகிறார்?

கார்பன் ஆபரேட்டர்:

தம்பி, நான் படம் எடுத்தவன் இல்லை, ஓட்டினவன். 1979-இல் தேனிப் பக்கம் ஒரு தியேட்டரில் சேர்ந்தேன், இருபத்தைந்து வருடம் கேபினுக்குள்ளேயே போனது. அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

கேட்டு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அப்போது புரொஜக்டருக்கு வெளிச்சம் கார்பன் குச்சியில்தான். எரிய எரிய இரண்டு குச்சிக்கும் இடைவெளி கூடும், கூடினால் திரை மங்கும், உடனே விசில் அடிப்பார்கள். இன்னொரு மெஷினில் அடுத்த ரீலை மாட்டி வைக்க வேண்டும். 1000 அடி ரீல் என்றால் 11 நிமிடம்தான். திரையை நிம்மதியாகப் பார்க்க எங்கே நேரம்? கேபினில் மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று இருக்கும். அதில் வருகிற சத்தம்தான் எனக்குப் படம். நாளைக்கு நாலு காட்சி வீதம் இரண்டு வாரம் ஓட்டினால், எந்த ரீலில் எந்த இடத்தில் வயலின் எழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

பாரதிராஜா படம் எனக்குச் சுலபம். பாரதிராஜாவுக்கு அல்லிநகரம், ராஜாவுக்குப் பண்ணைப்புரம், இரண்டுமே எங்கள் பக்கம். சினிமாவுக்கு முன்னாலேயே இரண்டு பேரும் சிநேகிதர்கள். அவர்கள் படத்தைத் திரை பார்க்காமலேயே பின்தொடரலாம், ராஜாவின் இசையே கதை சொல்லிக்கொண்டு போகும். 'முதல் மரியாதை' ஓடிய நாட்களில் கார்பனைக்கூடக் காதை வைத்துத்தான் மாற்றினேன்.

1982-இல் 'காதல் ஓவியம்' வந்தது. எங்கள் ஊரில் பத்து நாள் தாங்கவில்லை. மேட்னி ஷோவில் பெஞ்சு டிக்கெட் பக்கம் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆனால் தியேட்டருக்கு எதிரே இருந்த ரெக்கார்டிங் கடையில், அதே படப் பாட்டை அறுபது நிமிட கேசட்டில் பதியக் கொடுத்துவிட்டு நாலு நாள் காத்திருந்தார்கள். படப்பெட்டியைத் திருப்பி அனுப்ப சைக்கிளில் கட்டும்போதும் எதிர்க்கடையில் அந்தப் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறெரிந்தது.

1977-இலிருந்து 1986 'கடலோரக் கவிதைகள்' வரைக்கும் அந்த ஜோடி போட்ட போடு அப்படி. அதற்கு அடுத்த வருடம் 'வேதம் புதிது', இசை தேவேந்திரன். அப்புறம் 'என் உயிர்த் தோழன்', 'நாடோடித் தென்றல்' என்று மறுபடி சேர்ந்தார்கள். 1993-இல் 'கிழக்குச் சீமையிலே' வந்தபோது, இந்த மண்ணுக்கு ரகுமான் எப்படி வாசிப்பார் என்று டீக்கடையில் முனகினார்கள். முதல் காட்சி முடிந்து வெளியே வந்த கூட்டத்தின் வாயில் 'மானூத்து மந்தையிலே' இருந்தது. எனக்கும்தான்.

சரி, பாலு மகேந்திராவுக்கு வருகிறேன். 'வீடு' 1988-இல் வந்த படம். எங்களுக்கு எப்படியோ மூன்று நாளைக்குக் கிடைத்தது. முதல் நாள் மேட்னி. மெஷின் ஓடுகிறது, ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. எக்ஸைட்டர் லேம்ப் போய்விட்டது என்று நினைத்தேன். ஃபிலிம் ஓரத்தில் இருக்கிற சத்தத்தைப் படிப்பது அந்தச் சின்ன பல்புதான், அது அணைந்தால் படம் ஊமை. உள்ளிருந்து ஒருத்தர் "யோவ் ஆபரேட்டர், சவுண்டு!" என்று கத்தினார். கையில் வேறு பல்பை எடுத்துக்கொண்டு ஓடினால், லேம்ப் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குள் ஸ்பீக்கரில் யாரோ பேசினார்கள். படமே அப்படித்தான்! பாட்டு கிடையாது. இசை வராத இடங்களில் நிஜமாகவே வராது.

அப்புறம் அந்தத் தாத்தா வருவார், சொக்கலிங்க பாகவதர். பேத்தி கட்டுகிற வீடு பாதியில் நிற்கும், அதைப் பார்க்க வருவார். அங்கே வயலின் எடுக்கும். ராஜா 1986-இல் 'ஹவ் டு நேம் இட்?' என்று வாத்தியங்களை மட்டும் வைத்து ஓர் இசைத்தொகுப்பு போட்டாரே, அந்த இசையைத்தான் பாலு மகேந்திரா இந்தப் படத்தில் பயன்படுத்தினார். அதுவரை சும்மா இருந்த ஸ்பீக்கர் அது. மூன்று நாளும் அந்த இடம் வரும்போது வேலையை நிறுத்திவிட்டு ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தேன். கார்பன் தள்ளிப்போய்த் திரை மங்கி, மேனேஜரிடம் திட்டும் வாங்கினேன்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதிலேதான் இருக்கிறது. பாலு மகேந்திரா கதை எழுதுவார், கேமரா பிடிப்பார், எடிட்டிங்கும் அவரே. மற்றவன் கையில் கொடுத்தது இசை ஒன்றைத்தான். எல்லாவற்றையும் தானே செய்கிற மனிதர் ஒரே ஒரு வேலையை விட்டுக்கொடுத்தால், அதை முழுசாகவே விட்டுக்கொடுத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் எங்கே இசை வேண்டாம் என்பதில் அவர் காது கெட்டி. நீங்கள் செய்தது அதைத் தலைகீழாக, தம்பி. எங்கே மௌனம் என்று சொல்லாமல், எந்த இசை என்று சொல்லிவிட்டீர்கள்.

ஆரம்பத்தில் அவருக்கும் சலில் சௌத்ரிதான். 'கோகிலா', 'அழியாத கோலங்கள்' இரண்டும் அவர் இசை. 1980-இல் 'மூடுபனி', ராஜாவுக்கு அது நூறாவது படம். அதிலிருந்து 2013 'தலைமுறைகள்' வரைக்கும், அதாவது 33 வருடம், அவருடைய தமிழ்ப் படங்களில் ராஜாவைத் தவிர வேறு யாரும் கிடையாது.

பகல்நிலவு:

ஆபரேட்டர் ஐயா, அருமை. ஆனால் ஒரு திருத்தம். 'சந்தியா ராகம்' படத்துக்கு எல்.வைத்தியநாதன் இசை. அதுவும் சொக்கலிங்க பாகவதர் நடித்த படம்தான்.

இன்னொன்று, பிரிந்தால் ஜோடி தோற்றுவிட்டது என்கிற மாதிரி ரஃப்கட் கேட்பது சரியில்லை. மணிரத்னம் 1983-இல் 'பல்லவி அனுபல்லவி'யிலிருந்து 1991 'தளபதி' வரை ராஜாவோடு பத்துப் படம் செய்தார். அடுத்த வருடமே 'ரோஜா'. அன்றிலிருந்து அவர் இயக்கிய எல்லாப் படத்துக்கும் ரகுமான்தான். இதில் யார் தோற்றார்கள்? கேட்டவர்களுக்கு இரண்டு பக்கமும் லாபம்.

ஹிட்ச்காக் கதையும் பாருங்கள். 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றார் அவர். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அவர் பேச்சைக் கேட்காமல் வயலின்களை வைத்து எழுதி வந்து போட்டுக் காட்டினார், ஹிட்ச்காக் ஒப்புக்கொண்டார். 1966-இல் 'டார்ன் கர்ட்டன்' படத்துக்கு, ஜனங்களுக்குப் பிடிக்கிற நவீன மெட்டு வேண்டும் என்று கேட்டார். ஹெர்மன் அப்போதும் தன் இஷ்டத்துக்கு எழுதினார். ஒலிப்பதிவு நடக்கும்போதே உறவு முறிந்தது. இரண்டு தடவையும் ஹெர்மன் செய்தது ஒரே காரியம்தான். மாறியது ஹிட்ச்காக்.

கார்பன் ஆபரேட்டர்:

ஆமாம் ஐயா, 'சந்தியா ராகம்' விட்டுப்போச்சு. அது எங்கள் தியேட்டருக்கு வரவில்லை. நான் ஓட்டாத படம் எனக்கு நினைவில் நிற்பதில்லை.

ரஃப்கட்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி டெம்ப் இசை எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, வெறும் பேச்சும் சத்தமும் மட்டும் வைத்துப் படத்தை அவனுக்கு அனுப்பினேன். மன்னிப்பு எதுவும் எழுதவில்லை, 'எங்கே வேண்டாம்னு நீயே சொல்லு' என்று மட்டும் போட்டேன். காலையில் பதில் வந்தது. ஒரு பேருந்து நிறுத்தக் காட்சி, நான் மூன்று இசையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த இடம். அங்கே எதுவும் வேண்டாம் என்கிறான். எனக்கு இன்னும் சம்மதமில்லை. நாளைக்கு நேரில் வருகிறான், உட்கார்ந்து பேசப்போகிறோம்.

கார்பன் ஆபரேட்டர்:

முடிந்ததும் லிங்க் போடுங்கள் தம்பி. மெஷின் இரைச்சலிலேயே இருந்து இருந்து எனக்கு இப்போது வலது காது சரியாகக் கேட்பதில்லை, மகன் டிவியில் பெரிய சத்தத்தில் போட்டுத் தருவான். பேருந்து நிறுத்தம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் டிவி கெட்டுப்போச்சு என்று அவனைத் திட்டித் தொலைப்பேன்.