சிட்னி மணல் கடற்கரையில் தூண்டில் போட இடம் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஊரிலிருந்து மாமா வருகிறார், தூண்டில் என்றால் அவருக்கு உயிர். நியூ சவுத் வேல்ஸில் கடலில் பிடிக்கவும் கட்டணம் உண்டு, ஒரு மாதத்துக்குக் கட்டிவிடுவேன். பிரீம் மீன் 25 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விடணும், அதுவும் சரி. மான்லி ஷெல்லி பீச் நினைக்கவே வேண்டாம். அது இருக்கும் கேபேஜ் ட்ரீ பே கடல் காப்பகத்தில் 2002 முதல் எதையும் பிடிக்கக் கூடாது. (அங்கே காலடியில் நீந்தும் மீன்களைப் பார்த்தால் மாமா தூங்கமாட்டார்!)

குழப்பம் கவுன்சில் பலகைகளில்தான். சில கடற்கரைகளில் தடை நேரம் எழுதியிருக்கிறது, சிலவற்றில் பலகையே இல்லை. பலகை இல்லையென்றால் குளிப்பவர்களுக்காக நட்டிருக்கும் கொடிகளைத் தாண்டிப் போய் மாலையில் வீசலாமா? அவருக்கு முழங்கால் வலி, பாறை ஏறமாட்டார். டீ வை, கர்ல் கர்ல் கடற்கரைகள் பக்கம் போகிறவர்கள் யாராவது சொல்லுங்களேன்.